மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் கிறீன்

தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் ஐரோப்பியர் தமிழ்த்தொண்டு என்னும் தலைப்பின்கீழ் வீரமாமுனிவர், போப்பையர், கால்டுவெல் ஆகியோரைத் தவறாது போற்றுவன. அப்பட்டியலில் இடம்பெறாது போன, இடம்பெற்றாலும் ஓரிரு வரிகளில் முடிந்துபோன பெயரொன்றுண்டு. அவர் இலக்கணம் எழுதியவரல்லர், திருக்குறளை மொழிபெயர்த்தவருமல்லர். அறுவைக்கத்தியும் மருந்துக்குப்பியும் தாங்கிய கையால் தமிழில் எழுதியவர். அவரே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் திங்களில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். அதே ஆண்டு திசம்பரில் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். ஒருவர் சைவத்தின் காவலராகவும் மற்றவர் கிறிஸ்துவின் ஊழியராகவும் ஒரே மண்ணில் ஒரே காலத்தில் இயங்கினர். கொள்கையால் எதிரெதிர் நின்ற இவ்விருவரும் தமிழ் உரைநடையை அறிவு பரப்பும் கருவியாக நம்பியதில் ஒன்றுபடுகின்றனர் என்பது நம் வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று. கிறீனின் தமையனார் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க் மாநகரின் மத்திய பூங்காவை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். அந்நகரின் விரிவாக்கத்துக்குத் தந்தை எனப் பெயர்பெற்றவர். தமையனுக்கு மாநகரம் வாய்த்தது. தம்பிக்கு மானிப்பாய் வாய்த்தது.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணம் வந்தது 1816இல். தென்னிலங்கையில் ஆங்கிலேயத் திருச்சபைகள் வேரூன்றியிருந்தமையால் அமெரிக்கருக்கு வாய்த்தது வறண்ட வடபுலமே. அவர்கள் சமயம் பரப்பவே வந்தனர், அதனை மறைத்ததுமில்லை. ஆயினும் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும், 1841இல் உதயதாரகைப் பத்திரிகையும் அவர்களால் தோன்றின. பதிப்புலகின் முன்னோடி சி. வை. தாமோதரம்பிள்ளை அச்செமினரியின் மாணாக்கரே. ஞானஸ்நானம் பெற்றோர் சிலர். கல்வி பெற்றோர் பலர். திருச்சபைகளின் சமூகப்பணியை மதிப்பிடுவோர் இவ்விரு கணக்குகளையும் தனித்தனியே எழுதிப் பார்த்தல் வேண்டும்.

மருத்துவத்திலும் மிஷனுக்கு முன்வரலாறு உண்டு. 1819இன் இறுதியில் யாழ்ப்பாணம் வந்து பண்டத்தரிப்பில் பணியாற்றிய ஜோன் ஸ்கடர் அமெரிக்க மருத்துவ ஊழியர்களுள் முதல்வர். 1836இல் அவர் சென்னை சென்றார். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தியாவார். ஸ்கடருக்குப்பின் வட்டுக்கோட்டையில் வைத்தியர் வார்ட் பணியாற்றினார். அவரது இடத்துக்கே, நியூயோர்க்கில் 1845இல் மருத்துவப் பட்டம் பெற்ற கிறீன் 1847இல் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே மானிப்பாய்க்கு இடம்மாறி, அங்கு நோயாளரைப் பார்ப்பதோடு மாணாக்கரையும் சேர்த்துக்கொண்டார். இலங்கையில் மேலைமருத்துவக் கல்வி இவ்வாறு தொடங்கிற்று. கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது இதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1870இல்தான்.

அந்நாளைய யாழ்ப்பாணத்தில் மருத்துவம் இல்லாமலில்லை. பரராசசேகரம், செகராசசேகரம் முதலாய நூல்வழி வந்த பரியாரிமார் ஊர்தோறும் இருந்தனர். ஆயின் வாந்திபேதி அலையலையாய் வந்து ஊர்களை வெறிதாக்கியபோதும், குழந்தை குறுக்கே கிடந்து தாய் உயிருக்குப் போராடியபோதும், கட்டியறுத்து உயிர்காக்க வேண்டியபோதும் கைவிரித்த இடங்கள் பல. அவ்விடங்களிற்றான் கிறீனின் கத்தி மதிப்புப் பெற்றது. சைவ வேளாண் குடும்பத்தினர் வேதப்பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டே மருந்தும் வாங்கிச் சென்றனர்; பிரசங்கத்தை விட்டுவிட்டு மருந்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனவர்களே மிகுதி எனக் கருத இடமுண்டு.

தொடக்கத்தில் கிறீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். செமினரியில் ஆங்கிலம் பயின்ற இளைஞர் வந்தனர், தேறினர். தேறியபின் நிகழ்ந்தது என்ன? ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவன் அரசாங்க உத்தியோகத்தை நாடி, சம்பளம் உள்ள இடத்துக்குச் சென்றான். அவனைப் பயிற்றிய ஊருக்கு அவன் பயன்படவில்லை. கிறீன் இதனைக் கண்டு மனம் நொந்ததோடு நில்லாமல், காரணத்தையும் ஆராய்ந்தார். மொழியே வாயிலைத் திறந்துவிடுகின்றது எனக் கண்டார். தமிழில் மருத்துவம் கற்றவன் தமிழ்க் கிராமத்திலேயே வாழ்வான், அங்கேயே தொழில் செய்வான் என்னும் முடிவுக்கு வந்தார். தமிழ்வழி மருத்துவக் கல்வி என்பது அவருக்கு மொழிப்பற்றின் வெளிப்பாடன்று. மருத்துவன் எங்கே குடியிருக்க வேண்டும் என்னும் கேள்விக்கு அவர் கண்ட விடை. நம்மிடையே தாய்மொழிக் கல்வி பற்றி மேடைதோறும் பேசப்பட்டிருக்கின்றது. இக்கோணத்தில் வினவியவர் மிகச் சிலரே.

இம்முடிவுக்கு ஆதரவும் எதிர்ப்பும் ஒருங்கே இருந்தன. 1855இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் தலைமைச் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் சுதேச மொழிக்கல்வியை வற்புறுத்தினார். ஆங்கிலக் கல்விக்குப் பேர்போன வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தார் இதனை விரும்பவில்லை. உத்தியோகத்தின் திறவுகோலைப் பறித்துக்கொண்டு தமிழைக் கொடுப்பது அவர்களுக்கு வஞ்சனையாகவே பட்டது. அவர்கள் அச்சம் பொருளற்றதன்று. ஆட்சி ஆங்கிலத்தில் நடக்கும் நாட்டில் தமிழ் மட்டும் கற்றவன் எங்கே போவான்? தலைமையகத்தின் நோக்கம் தமிழ் பேசும் உபதேசிமாரை உருவாக்குதல். கிறீனின் நோக்கம் தமிழ் பேசும் வைத்தியர்களை உருவாக்குதல். இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல.

இடையே தாய்நாடு சென்ற கிறீன் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் நங்கையை மணந்து 1862இல் மீண்டு வந்தார். அதன்பின் வகுப்பு முழுமையாகத் தமிழுக்கு மாறிற்று. பாடநூலின்றி வகுப்பு ஏது? ஆகவே நூலாக்கமே அவர் வாழ்வாயிற்று. கட்டர் எழுதிய உடல்நூல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூலாயிற்று. மான்செல் எழுதியது பிரசவ வைத்தியமாக 1857இல் வந்தது. துருவிற்று எழுதிய அறுவை நூல் 1867இல் இரண வைத்தியமாயிற்று. உலகெங்கும் மருத்துவ மாணாக்கர் இன்றும் அஞ்சிப் பயிலும் கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரோடு தமிழாயிற்று. கெமிஸ்தம் 1875இல் நாகர்கோவில் மிஷன் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. மாணாக்கர் மொழிபெயர்ப்பர், கிறீன் ஒப்புநோக்கித் திருத்துவர். இவ்வாறு உருவானவை நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள்.

கலைச்சொல் ஆக்கத்தில் அவர் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டார். வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லை முதலில் தேடுதல்; இல்லையேல் வடசொல்லை நாடுதல்; அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு இயைய எழுதுதல். நூற்பெயர்களே இதற்குச் சான்று. பிரசவமும் இரணமும் ஊரார் அறிந்த சொற்கள். சுகரணம், உற்பாலனம் ஆகியன வடமொழிக் கருவூலத்திலிருந்து வந்தன. கெமிஸ்தம் ஆங்கிலத்துக்குத் தமிழ் உடை உடுத்தியது. நம் வட்டத்துக் கவிஞர்கள் அங்காதிபாதம் என்னும் சொல்லைச் சற்றே செவிமடுக்க வேண்டும். பாதாதிகேசம் பாடிப் பழகிய மரபின் ஓசையன்றோ அது! மாலையும் மணியும் புனைந்து வருணிக்கப்பட்ட உடலைத் தசையும் நரம்பும் என்புமாய் விரித்துரைக்கும் நூலுக்கு அவ்வோசை பொருந்திற்று.

இன்றைய நோக்கில் அவர் நடையில் வடசொல் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. உடற்கூற்றியல், உடலியங்கியல் எனத் தூய வடிவங்கள் பின்னர்த் தோன்றிவிட்டன. சுகரணம் வழக்கிறந்தது, எவரும் அதற்காக வருந்தவில்லை. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். பின்வந்த கலைச்சொற்றொகுதிகள் பல குழுக்கள் கூடி, மாநாடுகள் கூட்டி ஆக்கப்பட்டவை. அவற்றுள் பல அகராதியை விட்டு வெளியே வந்ததில்லை. கிறீனின் சொற்களோ நாளை நோயாளி முன் நிற்கப்போகும் மாணாக்கனுக்காக இன்றிரவு ஆக்கப்பட்டவை. பெண் என்ற முறையில் பிரசவ வைத்தியத்தை நான் தனியே எண்ணிப் பார்ப்பதுண்டு. திண்ணையிலும் அடுக்களையிலும் மறைத்துப் பேசப்பட்டவற்றைக் கூச்சமும் கொச்சையுமின்றி எழுதத் தமிழால் இயலும் என்று 1857இலேயே மெய்ப்பித்த நூல் அது. நாவல் என்னும் இலக்கிய வகை தமிழில் பிறக்க இன்னும் இருபதாண்டுகள் கழிய வேண்டியிருந்தன.

மொழியில் மட்டுமன்றி வாழ்க்கை முறையிலும் கிறீனின் கருத்து அவர் காலத்து ஊழியர் பலரினின்று வேறுபட்டது. மதம் மாறியவர் பெயரையும் உடையையும் மாற்றிக்கொண்டு ஐரோப்பியரைப் போலாவதை அவர் விரும்பவில்லை. தம் மாணாக்கர் காற்சட்டையைத் தவிர்த்து வேட்டியும் சால்வையுமாய் விளங்க வேண்டுமென எண்ணினார். ஆயினும் அவர் மாணாக்கர் பலருக்கு மிஷன் சூட்டிய அமெரிக்கப் பெயர்களே நிலைத்தன. ஒருவருடைய விருப்பத்தால் ஒரு நிறுவனத்தின் வழக்கம் மாறிவிடுவதில்லை.

உடல்நலம் குன்றிய கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் பயின்று தேறியிருந்தனர். அவருள் ஏறத்தாழச் சரிபாதியினர் தமிழ்வழிக் கற்றோர். அவர் சென்றபின் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலவழிக் கல்லூரி அரச ஆதரவோடு வளர்ந்தது. இளைஞர் அங்கே சென்றனர். நூல்கள் அலுமாரிகளில் ஒதுங்கின. அவற்றின் நினைவை மீட்டவர் மருத்துவரல்லர், கவிஞர். 1967இல் கவிஞர் அம்பி கிறீனின் அடிச்சுவடு என்னும் நூலை எழுதினார். மானிப்பாய் மருத்துவமனை கிறீனின் பெயரைத் தாங்கிற்று.

வூஸ்டரில் பனிக்காலங்களுக்கிடையே கிறீன் தமிழ் எழுதுவதை நிறுத்தவில்லை. கையெழுத்துப் படிகள் கடல்கடந்து சென்று வந்தன. தால்ற்றனின் உடற்றொழில் நூல் மனுஷ சுகரணமாக 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே திங்களில் அவர் காலமானார். வூஸ்டரில் உள்ள அவர் கல்லறைக் கல்லில், அவர் விருப்பப்படி, பெயரையும் ஆண்டுகளையும் அடுத்து, தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர் பொறிக்கப்பட்டது.