ஸ்டீபன் ஸ்வைக்: கையெழுத்துகளைக் காத்தவர்

1881 நவம்பர் 28ஆம் நாள், வியன்னா நகரில், நெசவாலை உரிமையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஸ்டீபன் ஸ்வைக். புகழ்பெற்றோரின் கையெழுத்துகளைத் திரட்டும் வேட்கை பள்ளிப் பருவத்திலேயே அவரைப் பற்றிக்கொண்டது. கவிஞராய், கதையாசிரியராய், வரலாற்று மாந்தரின் வாழ்வை எழுதியவராய் உலகப் புகழ் எய்திய பின்னும் அவ்வேட்கை தணியவில்லை; அதன் நோக்கம் மட்டும் மாறிற்று.

நாடாண்டோர் ஒப்பமிட்ட மடல்களைப் பெருமைக்குரிய செல்வமாகத் திரட்டுவோர் உண்டு. ஆனால், அரசு மடல்களைப் பெரும்பாலும் எழுத்தர் வரைவார். ஆள்பவர் அடியில் ஒப்பமிடுவார். அதில் அதிகாரம் விளங்கும். உள்ளம் விளங்குதல் அரிது. ஸ்வைக் நாடியவையோ படைப்பு பிறந்த தாள்கள். சொல்லை அடித்து, மாற்றி, மீண்டும் எழுதிய தடங்களில் படைப்பின் மறைபொருளைக் காணலாமென அவர் நம்பினார். கோதேயின் கையெழுத்துப் படிகளும், பீத்தோவனின் எழுதுமேசையும், மொசார்ட் தம் படைப்புகளை 1784 முதல் 1791 வரை தாமே பதிந்துவந்த ஏடும் அவரிடம் சேர்ந்தன. கையெழுத்துகளைப் பற்றிய விற்பனைப் பட்டியல்கள் மட்டுமே ஏறக்குறைய 4000 இருந்தன.

ஆள்வோரின் எழுத்தை அவர் அறவே ஒதுக்கியவரும் அல்லர். 1932இல் பிரெஞ்சு அரசி மாரி அந்துவானெத்தின் வரலாற்றை வெளியிட்டபோது, அரசியின் பெயரால் உலவிய போலி மடல்களை இனங்கண்டு, ஐயத்திற்குரியவற்றை விலக்கினார். இட்லரின் சொற்பொழிவுக் குறிப்புகளும் அவரது தொகுப்பில் இடம்பெற்றன.

அந்த இட்லரின் ஆட்சியில், 1933இல், யூதரான ஸ்வைக்கின் நூல்கள் தீக்கிரையாயின. 1934 பிப்ரவரியில், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் குன்றின்மேல் இருந்த அவரது இல்லத்தில் காவலர் ஆயுதம் தேடிச் சோதனையிட்டனர். அவர் லண்டனுக்குப் புறப்பட்டார். 1936 முதல் தொகுப்பின் பெரும்பகுதியை விற்றார். ஒரு பகுதியை வியன்னா தேசிய நூலகத்திற்கு வழங்கினார். நெஞ்சிற்கு நெருக்கமான சிலவற்றை மட்டுமே தம்மிடம் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பல்லாண்டு முன்பே, வறுமையால் குடும்பத்தார் விற்றுவிட்ட ஓவியங்களுக்கு மாற்றாக வைத்த வெற்றுத் தாள்களைத் தடவி மகிழும் பார்வையற்ற முதியவரைக் கதையாக்கியவர் அவர். அம்முதியவருக்கு இழப்புத் தெரியாது. ஸ்வைக்கோ தெரிந்தே இழந்தார்.

1942 பிப்ரவரியில், பிரேசில் நாட்டின் பெட்ரோபோலிஸ் நகரில், மனைவியுடன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எஞ்சிய தொகுப்பை அவரது வழித்தோன்றல்கள் 1986இல் பிரிட்டிஷ் நூலகத்திற்கு அளித்தனர். திருத்திய தாளைக் கசக்கி எறியுமுன் கவிஞர் ஒவ்வொருவரும் நினைவுகூரத் தக்கது அவரது வாழ்வு.