தரம் தாழாத கல்வி: அன்னா ஜூலியா கூப்பர்

நுழையும்முன்

பள்ளிக்குள் நுழையும் உரிமை ஒன்று. அங்கே உயர்ந்த பாடங்களைக் கற்கும் உரிமை மற்றொன்று. முதல் உரிமையைத் தந்துவிட்டு இரண்டாவதை மறுத்த காலம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. கறுப்பின மாணவர்களுக்கு எளிய பாடமே போதும் என்று ஆட்சியாளர்கள் கருதிய அந்நாளில், பாடத்தின் தரத்தைக் குறைக்க மறுத்துத் தம் பதவியையே இழந்தார் ஓர் ஆசிரியர். அடிமையாகப் பிறந்து, அறுபத்தாறாம் வயதில் முனைவர் பட்டத் தகுதி பெற்ற அவருடைய வாழ்வை அறிவோம்.

எழுத்து மறுக்கப்பட்ட மண்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ளது வட கரோலினா மாநிலம். அதன் தலைநகரான ராலியில் 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அன்னா பிறந்தார். தாய் ஹன்னா ஸ்டான்லி ஹேவுட், ஒரு வெள்ளையர் குடும்பத்தின் உடைமையாகக் கருதப்பட்ட அடிமைப் பெண். அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தையும் அடிமையே என்பது அந்நாளையச் சட்டம். எனவே, அன்னாவும் பிறக்கும்போதே பிறருடைய உடைமையானார். அவ்வுடைமையாளர் குடும்பத்தைச் சேர்ந்தவரே அவருடைய தந்தை என்று கருதப்படுகிறது. தாயோ அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

அடிமைகளுக்கு எழுதவும் படிக்கவும் கற்பிப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை வட கரோலினா 1830களின் தொடக்கத்திலேயே இயற்றியிருந்தது. எழுத்தறிந்தவர் விடுதலையை நாடுவர் என்ற அச்சமே அதற்குக் காரணம். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்தது. அன்னாவுக்கு அப்போது ஏழு வயது. மண்ணோ பொருளோ இன்றி விடுதலை பெற்ற மக்கள் முதலில் நாடியது கல்வியை. முதியவர்களும் சிறுவர்களும் ஒரே பலகையில் அமர்ந்து எழுத்துக் கற்ற காலம் அது.

கிரேக்க வகுப்பின் வாசலில்

விடுதலை பெற்ற மக்களுக்காக ஆசிரியர்களை உருவாக்கும் நோக்குடன் ராலியில் புனித அகஸ்டின் பயிற்சிப் பள்ளி 1868இல் தன் வகுப்புகளைத் தொடங்கியது. பத்து வயதும் நிரம்பாத அன்னா, உதவித்தொகை பெற்று அதில் சேர்ந்தார். பாடங்களை விரைந்து கற்றதோடு, தம்மினும் மூத்தவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பையும் விரைவிலேயே ஏற்றார்.

அப்பள்ளியில் கிரேக்க மொழி வகுப்பு, இறைப்பணிக்குச் செல்லவிருக்கும் ஆண்களுக்கென்றே அமைந்திருந்தது. பெண்களுக்கு அதனினும் எளிய பாடங்கள் போதும் என்பது அங்கு நிலவிய வழக்கம். அன்னா அவ்வழக்கத்தை ஏற்கவில்லை. தம்மையும் அவ்வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் வாதாடி இடம் பெற்றார். பின்னாளில் ஒரு நாட்டின் கல்வி அமைப்போடு அவர் நடத்திய போராட்டத்தின் தொடக்கம் இச்சிறிய நிகழ்வே.

உடன் பயின்று அப்பள்ளியிலேயே கிரேக்கம் கற்பித்த ஜார்ஜ் கூப்பரை 1877இல் அவர் மணந்தார். இரண்டே ஆண்டுகளில் கணவர் மறைந்தார். இருபத்தொரு வயதில் கைம்மை எய்திய அன்னா, மறுமணம் செய்துகொள்ளவில்லை. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் கல்விக்கே உரியதாயிற்று.

ஓபர்லின் கல்லூரி

ஒகையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரி, கறுப்பின மாணவர்களையும் பெண்களையும் மற்றக் கல்லூரிகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்ட நிறுவனம். 1881இல் அன்னா அங்கே சேர்ந்தார். பெண்களுக்கென இரண்டாண்டுப் படிப்பு ஒன்றும், ஆண்களுக்கென நான்காண்டுப் படிப்பு ஒன்றும் அங்கிருந்தன. கிரேக்கம், இலத்தீன், உயர்கணிதம் ஆகியன நான்காண்டுப் படிப்பில் அடங்கும். அன்னா தேர்ந்தது நான்காண்டுப் படிப்பையே. 1884இல் இளங்கலைப் பட்டமும், பின்னர்க் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அவரோடு 1884இல் பட்டம் பெற்ற மேரி சர்ச், பின்னாளில் பெண்ணுரிமைக்கும் இனச் சமத்துவத்துக்கும் உழைத்த தலைவர்களுள் ஒருவரானார்.

எம் தெருப் பள்ளி

நாட்டின் தலைநகரான வாஷிங்டனில், கறுப்பின மாணவர்களுக்கான அரசு உயர்நிலைப்பள்ளி ஒன்று 1870இல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் தொடங்கப்பட்டது. 1891இல் சொந்தக் கட்டடத்திற்கு மாறியபின், அது அமைந்த தெருவின் பெயரால் எம் தெரு உயர்நிலைப்பள்ளி என வழங்கியது. 1887இல் அப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்த அன்னா, கணிதமும் அறிவியலும், பின்னர் இலத்தீனும் கற்பித்தார்.

வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பின மாணவர்க்கு இடமில்லை; வெள்ளையர் கல்லூரிகளில் கறுப்பின ஆசிரியர்க்குப் பணியில்லை. பெரும் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்ற கறுப்பினத்தவருக்கு எம் தெருப் பள்ளியைப் போன்ற சில இடங்களே எஞ்சின. இன ஒதுக்கல் என்னும் அநீதி, தான் அறியாமலே அப்பள்ளியில் சிறந்த ஆசிரியர்களை ஒன்று சேர்த்தது.

1892இல் அன்னாவின் கட்டுரைகள் 'தெற்கிலிருந்து ஒரு குரல்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாயின. ஒரு சமூகத்தின் உயர்வை அதன் பெண்களின் நிலையைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது அந்நூலின் மையக் கருத்து. 1900இல் இலண்டனில் நடைபெற்ற முதல் அனைத்து ஆப்பிரிக்க மாநாட்டிலும் அவர் கலந்துகொண்டார்.

இரு வழிகள்

அந்நாளில் கறுப்பின மக்களின் கல்வியைப் பற்றிப் பெரும் விவாதம் நடைபெற்றது. அலபாமாவின் டஸ்கீகி நகரில் 1881 முதல் பள்ளி நடத்திய புக்கர் டி. வாஷிங்டன், தச்சு, கொத்து, வேளாண்மை முதலிய தொழில்களைக் கற்றுப் பொருளாதாரத்தில் காலூன்றுவதே முதல் தேவை என்றார். செல்வர்கள் பலர் அவ்வழிக்குப் பொருளுதவி செய்தனர். வரலாற்றறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ், ஆற்றலுள்ள இளைஞர்களுக்கு உயர்கல்வி கிடைக்காவிட்டால் அவ்வினம் தலைமையின்றித் தளரும் என்றார்.

அன்னா தொழிற்கல்வியை இகழ்ந்தவர் அல்லர். கைத்தொழில் கற்க விரும்புவோர் அதைக் கற்பதே முறை என்று கருதினார். ஆனால், ஒரு மாணவர் எதைக் கற்க வேண்டும் என்பதை அவருடைய ஆற்றலும் விருப்பமும் முடிவு செய்ய வேண்டும். தோலின் நிறம் முடிவு செய்தலாகாது என்பதில் உறுதியாக நின்றார்.

தலைமையாசிரியர் பொறுப்பு

1902ஆம் ஆண்டு சனவரியில் அன்னா எம் தெருப் பள்ளியின் தலைமையாசிரியரானார். கல்லூரி நுழைவுக்குத் தேவையான இலத்தீன், கிரேக்கம், கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களை வலுப்படுத்தினார். தளர்ந்த மாணவர்களைத் தனியே அமர்த்திப் பயிற்றுவித்தார். நாட்டின் முதன்மைக் கல்லூரிகள் தம் மாணவர்க்கு எட்டாதவை அல்ல என்ற எண்ணத்தை அவர்தம் உள்ளத்தில் பதித்தார்.

பயன் விரைவிலேயே தெரிந்தது. அப்பள்ளி மாணவர்கள் ஆர்வர்டு, யேல், பிரவுன், ஓபர்லின் முதலிய உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெற்றனர். 1903இல் பள்ளியைப் பார்வையிட்ட பிரெஞ்சு நாட்டுத் துறவியும் எழுத்தாளருமான பெலிக்சு கிளைன், அதைப் புகழ்ந்து எழுதினார். டு பாய்ஸ் அங்கு வந்து, கறுப்பின மாணவர்களின் பாடத்திட்டத்தைச் சுருக்கும் போக்கைக் கண்டித்து உரையாற்றினார்.

பதவியும் கொள்கையும்

பள்ளியின் வெற்றி எல்லாருக்கும் உவப்பாக இல்லை. வாஷிங்டன் நகர உயர்நிலைப்பள்ளிகளின் வெள்ளையரான இயக்குநர், அப்பள்ளி மாணவர்களின் திறன் குறைவு என்றும் அவர்களுக்கு எளிய பாடத்திட்டமே ஏற்றது என்றும் கருதினார். அன்னா அதற்கு இணங்கவில்லை. பள்ளியில் ஒழுங்கு குலைந்தது, தகுதியற்ற மாணவர்களிடம் தலைமையாசிரியர் இரக்கம் காட்டுகிறார், விதித்த பாடநூல்களைப் பின்பற்றவில்லை என்று அவர்மீது குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன.

1905இல் கல்விக் குழு விசாரணை நடத்தியது. செய்தித்தாள்கள் அதை நாள்தோறும் பேசின. அவருடைய தனிவாழ்வைப் பற்றியும் வதந்திகள் பரவின. நகரத்தின் கறுப்பின மக்கள் பலர் அவருக்குத் துணை நின்றனர். பாடத்தின் தரத்தைக் குறைக்க ஒப்பியிருந்தால் அப்புயல் ஓய்ந்திருக்கக் கூடும். அன்னா ஒப்பவில்லை. 1906இல் அவருடைய பணி புதுப்பிக்கப்படவில்லை. மாணவர்களைப் பெருங்கல்லூரிகளுக்கு அனுப்பிய தலைமையாசிரியர், வேலையின்றி அந்நகரை விட்டு வெளியேறினார்.

நான்காண்டுகள் மிசௌரி மாநிலத்தின் இலிங்கன் நிறுவனத்தில் மொழிகளைக் கற்பித்தார். 1910இல் எம் தெருப் பள்ளி அவரை மீண்டும் அழைத்தது. ஆனால், தலைமையாசிரியராக அன்று, இலத்தீன் ஆசிரியராக. தாம் தலைமை தாங்கிய இடத்தில் மற்றொருவரின் கீழ்ப் பணியாற்றுவதை அவர் இழிவாகக் கருதவில்லை. மாணவர்கள் அங்கிருந்தனர், அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அறுபத்தாறாம் வயதில்

கற்பிப்பவர் கற்பதை நிறுத்தலாகாது என்பதற்கு அவரே சான்றானார். கோடை விடுமுறைகளில் பாரிசு சென்று பிரெஞ்சு மொழி பயின்றார். 1914இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். மறு ஆண்டே குடும்பத்தில் ஓர் இழப்பு நேர்ந்தது. தாயை இழந்த உறவுக் குழந்தைகள் ஐவரை வளர்க்கும் பொறுப்பு ஏறத்தாழ ஐம்பத்தேழு வயதான அவர்மீது விழுந்தது. அவர்களுள் ஒன்று கைக்குழந்தை. அவர்களுக்காகவே வாஷிங்டனில் பெரிய வீடொன்றை வாங்கினார். பகலில் பள்ளி, மாலையில் குழந்தைகள், எஞ்சிய பொழுதில் ஆய்வு என ஆண்டுகள் கழிந்தன.

பின்னர்த் தம் ஆய்வைப் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்திற்கு மாற்றினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமை முறையைப் பற்றிப் பிரான்சு கொண்டிருந்த நிலைப்பாடே அவர் ஆராய்ந்த பொருள். மாந்தர் யாவரும் சமம் என்று அறிவித்த நாடு, தன் குடியேற்ற நாடுகளில் அடிமைகளை வைத்திருந்த முரண்பாட்டை அவ்வாய்வு விளக்கியது. 1925ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், அறுபத்தாறாம் வயதில், பிரெஞ்சு அறிஞர்கள் முன் ஆய்வை நிறுவி வெற்றி பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் வாஷிங்டனில் அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுள் முனைவர் பட்டம் பெற்ற நான்காமவர் அன்னா ஜூலியா கூப்பர். முதல் மூவரும் 1921இல் பட்டம் பெற்றனர். அவர்களுள் ஈவா டைக்சு, சேடி அலெக்சாண்டர் ஆகியோர் எம் தெருப் பள்ளியில் பயின்றவர்கள். ஜார்ஜியானா சிம்சன் அப்பள்ளியில் கற்பித்தவர். நால்வருமே ஒரே பள்ளியோடு தொடர்புடையவர்கள்.

வீடே பள்ளியாக

1930இல் பணி ஓய்வு பெற்ற அன்னா, பிரிலிங்கைசன் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவில் படிக்க வந்த கறுப்பின உழைப்பாளர்களுக்கான நிறுவனம் அது. கட்டடத்திற்குப் பணம் கட்ட இயலாத நிலை வந்தபோது, வகுப்புகளைத் தம் வீட்டிற்கே மாற்றினார். சமையல் வேலை செய்தவரும் சுமை தூக்கியவரும் அவ்வீட்டில் கற்றனர். முதுமையின் பெரும்பகுதியை அவர் இப்பணியிலேயே கழித்தார்.

விதைத்தவர் கண்ட விளைச்சல்

எம் தெருப் பள்ளி 1916இல் டன்பார் உயர்நிலைப்பள்ளி எனப் பெயர் மாறியது. குருதிச் சேமிப்பு முறையில் முன்னோடியான மருத்துவர் சார்லசு துரூ, கூட்டாட்சி நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான வில்லியம் ஹேஸ்டி ஆகியோர் அப்பள்ளியின் மாணவர்கள். 1911இல் அங்குப் படிப்பை முடித்த சார்லசு ஹாமில்டன் ஹூஸ்டன், ஆர்வர்டில் சட்டம் பயின்று, பள்ளிகளில் இன ஒதுக்கலை எதிர்க்கும் வழக்குகளுக்கு வழிவகுத்தார். அவர் மறைந்த நான்காம் ஆண்டில், 1954இல், அத்தகைய ஒதுக்கல் சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வெளியானபோது அன்னாவுக்கு வயது தொண்ணூற்றைந்து.

1964ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், நூற்றைந்தாம் வயதில் வாஷிங்டனில் அவர் இயற்கை எய்தினார். பிறந்த ராலி நகரிலேயே, கணவரின் கல்லறைக்கு அருகில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. 2009இல் அமெரிக்க அரசு அவருடைய உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

எழுத்தறிவே குற்றமாக இருந்த மண்ணில் பிறந்தவர் அன்னா. தம் மாணவர்க்கு எளிய வழியை அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மற்றவர்க்குத் திறந்திருந்த கடினமான வழியையே கேட்டார். அக்கோரிக்கைக்காக அவர் பதவியை இழந்தார். அவர் அனுப்பிய மாணவர்களோ அவ்வழியில் நடந்து, அதைப் பின்வருவோர்க்கும் பொதுவழியாக்கினர்.