வேலூரில் வளர்ந்த திப்புவின் மைந்தர்

கணியம்பாடியிலிருந்து வேலூருக்குச் செல்லும் நம்மவர்களில் கோட்டையைக் காணாதவர் எவருமிலர். மருத்துவமனைக்கோ, கலியாணத்திற்குத் துணிமணி எடுக்கவோ போகின்ற அவசரத்தில் அகழியையும் மதிலையும் பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டுக் கடந்து விடுகிறோம். அந்த மதில்களுக்குள் தந்தையை இழந்த சிறுவர் ஒருவர் ஏழாண்டுகள் வளர்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? அவர்தாம் மைசூர்ப் புலி திப்பு சுல்தான் ஷஹீத் அவர்களின் இளைய குமாரர்களில் ஒருவரான இளவரசர் குலாம் முஹம்மது அவர்கள்.

அன்னாரின் வாழ்க்கையை நாம் இங்கே நினைவுகூர்வதற்குக் காரணமுண்டு. இன்று நம் ஜில்லாவில் இடமும் நிலையும் மாறாத குடும்பத்தைக் காண்பது அரிது. 1996ல் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றித் தீர்ப்பளித்த பின்னர், பரம்பரைத் தொழிலை விட்டு வேறு தொழில் தேட நேர்ந்த வீடுகள் உண்டு. மகன் அரபு நாட்டிற்குப் போய்விட, வயோதிகப் பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் உண்டு. கணவனை இழந்து தாய்வீடு திரும்பிய சகோதரிகளும் உண்டு. இத்தகைய வேளைகளில் மனம் நிலைகுலைகிறது. பசி எடுப்பதில்லை, உறக்கம் வருவதில்லை, தொழுகையிலும் நாட்டம் குறைகிறது. இத்தகையோருக்குக் குலாம் முஹம்மது அவர்களின் வாழ்வில் நல்ல படிப்பினை இருக்கிறது.

அவர்கள் பிறந்தது 1795ல். தந்தையோ அரசர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தந்தை 1787ல் கட்டிய மஸ்ஜிதே அஃலாவின் மினாராக்கள் வானளாவ நின்ற காலம் அது. 1799 மே 4ஆம் நாள் கும்பெனிப் படை கோட்டையை உடைத்து உட்புகுந்தது. திப்பு சுல்தான் வாளேந்திப் போரிட்டு ஷஹீதானார்கள். மறுநாள் அன்னாரைத் தம் பெற்றோரின் அருகில் நல்லடக்கம் செய்தனர். நான்கு வயதுப் பாலகருக்கு ஒரே நாளில் தந்தையும் போயிற்று, நாடும் போயிற்று, பிறந்த வீடும் போயிற்று.

சுல்தானின் பிள்ளைகளையும் பெண்மக்களையும் கும்பெனியார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு வந்தனர். இன்று ஹைதர் மஹால், திப்பு மஹால் என்று நாம் அழைக்கும் கட்டடங்கள் அவர்களின் இருப்பிடங்களாயின. உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. ஆனால், விரும்பிய இடத்திற்குச் செல்ல உரிமையில்லை. சுல்தானின் குடும்பத்தை நம்பி மைசூர்ச் சீமையிலிருந்து வந்த மக்களும் வேலூரில் குடியேறினர். சிறுவருக்கு வேலூரே ஊராயிற்று.

அதுவும் நிலைக்கவில்லை. 1806 ஜூலை 10ஆம் நாள், விடியுமுன்னர், கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதுவகைத் தலைப்பாகையை அணியவும், நெற்றிக் குறிகளையும் காதணிகளையும் நீக்கவும், தாடியை மழிக்கவும் பிறந்த கட்டளைகள் அவர்களின் மனத்தைப் புண்படுத்தியிருந்தன. கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. சில மணி நேரத்தில் ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப் படை வந்து சேர்ந்தது. அன்றே நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மடிந்தனர். கிளர்ச்சியில் சுல்தானின் குடும்பத்தாருக்குப் பங்குண்டு என்று கும்பெனியார் ஐயுற்றனர். இளவரசர்களை வேலூரில் வைத்திருப்பது ஆபத்தென முடிவு செய்து, தூரத்திலுள்ள கல்கத்தாவுக்கு அனுப்பி விட்டனர்.

பதினொரு வயதில் குலாம் முஹம்மது அவர்களுக்கு இது இரண்டாவது பெயர்ச்சி. மொழி வேறு, மண் வேறு, மழையும் வேறு. குடும்பமும் பிரிந்தது. ஹைதர் அலியின் துணைவியார் பக்ஷி பேகம் அவர்கள் அதே 1806ல் வேலூரில் மறைந்தார்கள். திப்புவின் துணைவியாரான பாதுஷா பேகம் அவர்கள் 1834ல் மறைந்து வேலூர் மண்ணிலேயே அடக்கமானார்கள். இவ்விருவரின் கப்ருகளும் இன்றும் வேலூரில் இருக்கின்றன. இளவரசர்களோ வங்கத்தில்.

கல்கத்தாவின் தென்புறத்தே டாலிகஞ்ச் பகுதியில் அக்குடும்பத்தார் குடியமர்ந்தனர். கும்பெனியார் தரும் ஜீவனத் தொகையை எதிர்பார்த்து வாழும் வாழ்க்கை. இத்தகைய வாழ்க்கையில் இரண்டு படுகுழிகள் உண்டு. பழைய பெருமையைப் பேசிப் பேசிக் கசந்து போவது ஒன்று. இனி என்ன இருக்கிறதென்று கேளிக்கையில் மூழ்கிப் பொருளை அழிப்பது மற்றொன்று. நாட்டை இழந்த அரச குடும்பங்கள் பல இவ்விரண்டில் ஒன்றில் விழுந்து அழிந்திருக்கின்றன.

குலாம் முஹம்மது அவர்கள் இரண்டிலும் விழவில்லை. ஆங்கில மொழியிலும் தேர்ச்சி பெற்றார்கள். தமக்குச் சேர வேண்டிய ஜீவனத் தொகையின் நிலுவையைக் கேட்டுப் பெற முயன்றார்கள். ஸப்ரு என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதென நம்மில் சிலர் நினைக்கின்றனர். அது தவறு. உரிமையை நேரிய வழியில் கேட்பதும், கிடைக்கும் வரை மனந்தளராதிருப்பதும் ஸப்ரில் சேர்ந்தவையே. 1840ல் லண்டனிலிருந்த கும்பெனி இயக்குநர் சபை அந்த நிலுவையை வழங்க இசைந்தது. அப்போது இளவரசரின் வயது நாற்பத்தைந்து.

வாசகர்களே, நீண்ட காலம் காத்திருந்து கிடைத்த பணத்தைக் கொண்டு நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? புதிய மாளிகை கட்டியிருப்போம், அல்லது ஊர் மெச்ச விருந்து வைத்திருப்போம். அன்னாரோ அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துமுகமாகக் கல்கத்தாவின் நடுப்பகுதியான தர்மதலாவில் ஒரு பள்ளிவாசலை எழுப்பினார்கள். 1842ல் எழுந்த அப்பள்ளிவாசல் இன்று திப்பு சுல்தான் மஸ்ஜித் என்றே உலகெங்கும் அறியப்படுகிறது. டாலிகஞ்சிலும் ஒரு பள்ளிவாசலைக் கட்டினார்கள். தந்தை அரசராயிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்த நற்பணியை, மைந்தர் நாடிழந்த நிலையில் அயலூரில் செய்தார்கள்.

தர்மதலாப் பள்ளிவாசலின் கல்வெட்டில் இறைவனுக்குச் செலுத்தும் நன்றியோடு, நிலுவை வழங்கிய கும்பெனி இயக்குநர்களைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது. தந்தையின் உயிரைப் பறித்தவர்களின் பெயர் பள்ளிவாசலின் கல்லிலா என்று சிலருக்கு உறுத்தலாம். உறுத்தத்தான் செய்யும். ஆனால் அதே கல்வெட்டில், தாம் திப்பு சுல்தானின் மகன் என்பதையும் அன்னார் பொறித்து வைத்தார்கள். கும்பெனியின் தலைநகரிலேயே அப்பெயரைக் கல்லில் நிறுத்தினார்கள். அத்துடனும் நிற்கவில்லை. ஹைதர் அலியையும் திப்புவையும் ஆங்கிலேயர் பலர் இழித்தெழுதி வந்த காலத்தில், பாட்டனாரின் வரலாற்றைப் பற்றி ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய பழைய நூலைத் திருத்தி, தந்தையின் வரலாற்றையும் சேர்த்து, 1855ல் ஆங்கிலத்தில் வெளிவரச் செய்தார்கள். துக்கத்தை அவர்கள் மறக்கவில்லை. அதைப் பகையாக வளர்க்காமல் பணியாக மாற்றிக் கொண்டார்கள்.

1872ல், தம் எழுபத்தேழாம் வயதில், கல்கத்தாவிலேயே குலாம் முஹம்மது அவர்கள் மறைந்தார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பள்ளிவாசல்களின் பராமரிப்புக்கும் தருமங்களுக்குமாகத் தம் சொத்துகளை வக்ஃபு செய்துவிட்டே சென்றார்கள். மைசூர் அரசு போய்விட்டது. கும்பெனி ஆட்சியும் போய்விட்டது. அன்னார் எழுப்பிய பள்ளிவாசலிலோ பாங்கோசை இன்றும் கேட்டுக் கொண்டிருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நம் இல்லங்களுக்கு எடுத்துக் கொள்ள வேண்டியவை எவை? ஊர் மாறினாலும் கிப்லா மாறுவதில்லை. தொழில் போனாலும் தொழுகை நேரம் போவதில்லை. வாழ்க்கை புரண்டு கிடக்கும் நாட்களில் ஐவேளைத் தொழுகையை முதலில் ஒழுங்குபடுத்துவோமாக. புதிய ஊருக்குக் குடிபோனால் கடைத்தெருவைத் தேடுமுன் பள்ளிவாசலைத் தேடுவோமாக. வீட்டில் தொழுவதற்கென்று ஒரு மூலையையும், பிள்ளைகள் குர்ஆன் ஓதுவதற்கென்று ஒரு நேரத்தையும் ஒதுக்குவோமாக. தூரத்திலிருக்கும் உறவினரை மறவாது நலம் விசாரிப்போமாக. உண்ணவும் உறங்கவும் இயலாத அளவுக்குத் துயரம் நீடித்தால், மருத்துவரிடம் செல்லத் தயங்க வேண்டாம். உடலும் மனமும் அமானிதங்கள். அவற்றைப் பேணுவது ஈமானுக்குக் குறைவாகாது.

இன்னொன்றும் உண்டு. கஷ்டத்தில் துஆ கேட்கும் நாம், கஷ்டம் நீங்கியதும் அதை மறந்து விடுகிறோம். வராதென்றிருந்த பாக்கி வந்தாலும், மகனுக்கு வேலை கிடைத்தாலும், அதில் ஒரு சிறு பங்கையேனும் பிறருக்குப் பயன்படும்படி ஒதுக்குவோமாக. எல்லோராலும் பள்ளிவாசல் கட்ட முடியாது. ஏழை மாணவன் ஒருவனுக்குப் புத்தகம் வாங்கித் தர முடியும். பள்ளிவாசலுக்கு ஒரு பாய் வாங்கிக் கொடுக்க முடியும். துன்பத்தில் ஸப்ரும் இன்பத்தில் ஷுக்ரும் தராசின் இரு தட்டுகள். ஒன்று குறைந்தாலும் மனம் சாய்ந்து விடும்.

அடுத்த முறை வேலூருக்குச் செல்லும்போது கோட்டை மதிலைக் கண்டால், அந்தச் சிறுவரை நினைத்து ஒரு பாத்திஹா ஓதுவோமாக. மாறும் காலங்களில் மாறாத உள்ளத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.