பகைவனைத் துணைவனாக்கிய கலைஞர்: தோமஸ் ரெய்னர் டோசன் வாழ்வும் பணியும்

சதுரங்கம் என்னும் பெயரே போரைக் குறிப்பது. தேர், கரி, பரி, காலாள் என்னும் நால்வகை உறுப்புடைய சேனையையே நம் முன்னோர் அப்பெயரால் வழங்கினர். இரு வேந்தர் எதிரெதிர் நிற்பர். ஒருவன் வாழ்வு மற்றவன் வீழ்ச்சியாகும். பாரத நாட்டிலே தோன்றி, பாரசீகத்துக்கும் அராபிய நாடுகளுக்கும் சென்று, ஐரோப்பாவை அடைந்த இவ்விளையாட்டு, எங்குச் சென்றபோதும் இப்பகைமை இயல்பை விட்டதில்லை.

எனினும், இதே அறுபத்து நான்கு கட்டங்களிலே, வீழவேண்டிய வேந்தனே தன் வீழ்ச்சிக்கு வழி வகுத்துக் கொடுக்கும் புதுமையான கலையொன்றும் வளர்ந்துள்ளது. அதனை உதவி முற்றுகை என்று தமிழிற் கூறலாம். நெடுங்காலம் இஃது ஒரு வேடிக்கையென ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. அதற்கு ஓர் இல்லமும் இலக்கணமும் அமைத்துக் கொடுத்தோருள் தலையாயவர் ஆங்கிலேயரான தோமஸ் ரெய்னர் டோசன். அவர்தம் வாழ்க்கை தமிழ் கற்போரும் கற்பிப்போரும் எண்ணிப் பார்க்கத்தக்க சில உண்மைகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

இளமையும் தொழிலும்

டோசன் 1889ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் இங்கிலாந்தின் வடபாலுள்ள லீட்ஸ் நகரிற் பிறந்தார். அவருடைய முதற் சதுரங்கப் புதிர் 1907இல் வெளிவந்தது. அஃது இரண்டு நகர்வுகளில் எதிரியை வீழ்த்தும் வழக்கமான வகையைச் சேர்ந்தது. அதன்பின் ஏறத்தாழ நாற்பத்து நான்கு ஆண்டுகள் அவர் ஓயாது புதிர்கள் இயற்றினார்.

ஆயினும் அவருக்குச் சோறிட்ட தொழில் சதுரங்கம் அன்று, இறப்பர். பிரித்தானிய இறப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிக் கழகத்தில், உலகெங்கும் இறப்பரைப் பற்றி வெளிவரும் செய்திகளையும் ஆய்வுகளையும் திரட்டி வகைப்படுத்தும் பிரிவுக்கு அவர் தலைவராய் விளங்கினார். இறப்பரின் பௌதிக இரசாயனப் பண்புகளைத் தொகுத்துரைக்கும் பெருநூலொன்றை, பொரிட் என்பாருடன் இணைந்து 1935இல் வெளியிட்டார்.

இவ்விடத்தில் நம் நாட்டுக்கும் அவருக்கும் ஒரு மெல்லிய தொடர்பு புலனாகின்றது. 1876ஆம் ஆண்டு கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர் நாற்றுகள் கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன; இலங்கையின் இறப்பர்ப் பயிர் அங்கிருந்தே பரவியது. 1942இல் மலாயா வீழ்ந்தபின், நேச நாடுகளுக்கு எஞ்சிய முதன்மையான இயற்கை இறப்பர்க் களம் இலங்கையே. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது சப்பானிய வானூர்திகள் குண்டு பொழிந்ததை இவ்வூர் முதியோர் வழிவழி சொல்லக் கேட்டிருப்போம். எந்தப் பொருள் பொருட்டு இத்தீவு அன்று அத்துணை மதிப்புற்றதோ, அப்பொருள் பற்றிய அறிவைத் திரட்டி ஒழுங்குசெய்து கொண்டிருந்தவர், ஓய்வு நேரத்தில் சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்திருந்த இப்புலவரே.

உதவி முற்றுகையின் இயல்பு

டோசன் வளர்த்த கலையை உணர்வதற்கு அதன் விதியை முதலில் அறிதல் வேண்டும். வழக்கமான புதிரில் வெள்ளை தாக்கும். கருப்புத் தன்னால் இயன்றவரை தடுக்கும். உதவி முற்றுகையிலோ இரு படைகளும் ஒரே நோக்கத்துக்காக உழைக்கின்றன. கருப்பு முதலில் நகரும். வெள்ளை பின்னர் நகரும். குறித்த எண்ணிக்கையில் கருப்பு அரசன் தப்ப வழியின்றி அகப்படவேண்டும்.

இருவரும் ஒத்துழைத்தால் இது மிக எளிதன்றோ என்று கேட்கத் தோன்றும். இயற்றுவோனுக்குத் துன்பம் பிறப்பதும் அங்கேதான். இருவரும் விரும்பினால் ஒரு முடிவை அடைவதற்கு எண்ணற்ற வழிகள் திறந்துவிடும். அவற்றுள் ஒன்றை மட்டும் விடுத்து ஏனைய யாவற்றையும் புலவன் அடைக்க வேண்டும். நகர்வுகள் இவை என்பது மட்டுமன்று, இன்ன வரிசையில் இவை என்பதும் மாறக்கூடாது. ஒரு காய் கடந்து சென்ற பின்னரே மற்றொன்று அவ்வழியை அடைக்கலாம். கருப்புக் காயொன்று தன் அரசன் தப்பவிருந்த கட்டத்தில் தானே சென்று அமர்ந்து வழியை மறிக்கலாம். கட்டுண்ட காயொன்று குறித்த வேளையில் விடுதலை பெறலாம். இத்தகைய நுட்பங்களே வரிசையை உறுதிப்படுத்தும் ஆணிகளாகும்.

ஒரே நிலையில் இரண்டு விடைகளை அமைத்து, முதல் விடையில் ஒரு காய் செய்த பணியை இரண்டாவதில் வேறொரு காய் செய்யுமாறு இயற்றுவதும் உண்டு. காளமேகப் புலவரின் சிலேடையில் ஒரே சொற்றொடர் இரு பொருளுக்கும் குறைவின்றிப் பொருந்துவதை நயந்தோர்க்கு இதன் சுவை எளிதிற் புலப்படும்.

இக்கலைக்கு வித்திட்டவர் ஜெர்மானியரான மக்ஸ் லாங்கே. 1854இல் அவர் இதன் முதற் படைப்பை வெளியிட்டார். கருப்பு முதலில் நகரும் இன்றைய வடிவத்தை 1860இல் அமைத்தவர் அமெரிக்கரான சாம் லொயிட். லொயிட்டின் அப்படைப்பில், வெள்ளைக் கோட்டை பலகையின் ஒரு மூலைக்குச் செல்கின்றது. வெள்ளை மந்திரி அதன் அருகே வந்தமர்ந்து அதன் பாதையைத் தானே மறைக்கின்றது. பாதை மறைந்ததால், கருப்பு அரசன் எதிர்மூலைக்குள் அச்சமின்றி நுழைகின்றான். மந்திரி விலகுகின்றது, கோட்டையின் பாதையும் திறக்கின்றது, மந்திரியும் கோட்டையும் ஒருங்கே தாக்க, அரசன் அகப்படுகின்றான்.

தன் வலிமையைத் தானே மறைத்துப் பின் வெளிப்படுத்தும் இந்நுட்பத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. அது பாரத நாட்டிலிருந்து சென்றது. டில்லியில் சமயப் பணி புரிந்த ஹென்றி அகஸ்டஸ் லவ்டே என்னும் ஆங்கிலப் பாதிரியார், மாணவன் எனப் பொருள்படும் ஷாகிர்த் என்னும் புனைபெயரில், 1845இல் இலண்டன் இதழொன்றில் ஒரு புதிரை வெளியிட்டார். அதில் மந்திரி ஒரு கட்டத்தைக் கடந்து பின்னே செல்லும். கோட்டை அக்கட்டத்தில் வந்து நின்று மந்திரியின் பாதையை மறைக்கும். நகர இடமின்றி நின்ற கருப்பு அரசனுக்கு ஒரு கட்டம் கிடைக்கும். அவன் அங்கு நகர்ந்ததும் கோட்டை விலகித் தாக்கும். அப்புதிர் இந்தியப் புதிர் என்றே பெயர் பெற்றது. அதன் உட்பொருளை ஆராய்ந்து கோட்ஸ், கொக்கெல்கோர்ன் என்னும் ஜெர்மானியர் இருவர் 1903இல் தனிநூலே எழுதினர்.

போருக்கு நடுவே ஒரு நூல்

டோசன் வாழ்வில் நம் நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சி 1915ஆம் ஆண்டுக்கு உரியது. பலகையிலுள்ள நிலையைக் கொண்டு, அதற்கு முன் நிகழ்ந்தவை யாவை என்று பின்னோக்கி ஆராயும் புதிர்வகை ஒன்றுண்டு. சிதைந்த கல்வெட்டைக் கொண்டு அழிந்த வரலாற்றை உய்த்துணரும் அறிஞனின் பணி போன்றது அது. அவ்வகை பற்றிய முதற் பெருநூலை டோசனும், ஹுண்ட்ஸ்டோர்ஃபர் என்னும் ஜெர்மானியரும் இணைந்து இயற்றினர். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் சதுரங்கப் புதிர் நூல்களைத் தம் செலவில் வெளியிட்டு வந்த அமெரிக்கச் செல்வர் அலெயின் வைட்டின் வரிசையில், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அந்நூல் வெளிவந்தது.

அவ்வேளையில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஓராண்டுக்கு மேலாகக் கடும்போரில் ஈடுபட்டிருந்தன. இரு நாட்டு இளைஞரும் பிரான்சின் அகழிகளில் ஒருவரையொருவர் மாய்த்துக் கொண்டிருந்தனர். அந்நாளில் ஓர் ஆங்கிலேயர் பெயரும் ஒரு ஜெர்மானியர் பெயரும் ஒரே நூலின் முகப்பில் இணைந்து நின்றன. உதவி முற்றுகை என்னும் கலையின் உட்கருத்து பலகைக்கு வெளியிலும் மெய்யானதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மாயச் சதுரங்கம்

வழக்கமான விதிகளை மாற்றியும், புதிய காய்களைப் படைத்தும் இயற்றப்படும் புதிர்களை மாயச் சதுரங்கம் என்பர். அந்நாளில் உதவி முற்றுகையும் அவ்வினத்திலேயே வைத்து எண்ணப்பட்டது. இத்துறையின் தந்தை என்னும் புகழ் டோசனுக்கே உரியது. 1913இல் அவர் வெட்டுக்கிளி என்னும் காயை அறிமுகம் செய்தார். அஃது அரசி செல்லும் திசைகளிலே செல்லும். ஆனால் இடையில் ஏதேனும் ஒரு காய் இருந்தால் மட்டுமே அதனைத் தாண்டி அதற்கடுத்த கட்டத்தில் இறங்கும். தாண்டுவதற்குப் பிறர் இல்லையேல் அதற்கு இயக்கமே இல்லை. குதிரையின் பாய்ச்சலை ஒரே நேர்கோட்டிற் பன்முறை தொடரும் இரவுப்பரி என்னும் காயை 1925இல் படைத்தார். இவ்விரண்டும் இன்றளவும் புலவர் பலரால் கையாளப்படுகின்றன.

படைப்பதோடு அவர் நிற்கவில்லை. பிரித்தானியச் சதுரங்கப் புதிர்க் கழகத்தின் இதழை நிறுவி 1931 வரை நடத்தினார். அதன் இணைப்பாக 1930இல் தோன்றிய மாயச் சதுரங்க ஏடு பின்னர்த் தனியிதழாய் மலர்ந்தது. கோர்ண்வாலைச் சேர்ந்த சார்ல்ஸ் மாசன் ஃபொக்ஸ் என்னும் வணிகர் அதற்கு உறுதுணையாய் நின்றார். ஃபொக்ஸ் 1935இல் மறைந்தபின் அவருடைய புதிர்களைத் தொகுத்து, மறு ஆண்டே நூலாக்கி நட்புக்கடன் தீர்த்தார் டோசன். இவற்றோடு, பிரித்தானியச் சதுரங்க இதழின் புதிர்ப் பக்கங்களையும் 1931 முதல் தம் இறுதி வரை கவனித்து வந்தார்.

அவர் இயற்றியவை ஆறாயிரத்து நானூறுக்கும் மேலானவை. அவற்றுள் 5320 மாயச் சதுரங்க வகையைச் சேர்ந்தன. 885 வழக்கமான நேர்முற்றுகைகள். 97 தன்னைத்தானே வீழ்த்துமாறு எதிரியை வற்புறுத்தும் தன்முற்றுகைகள். 138 ஆட்டத்தின் இறுதிநிலைப் புதிர்கள். 120 படைப்புகள் பரிசு பெற்றன.

காலாட்களை மட்டும் கொண்டு அவர் அமைத்த ஒரு சிறு விளையாட்டுப் புதிர் கணித நூலாரையும் ஈர்த்தது. இறுதியில் நகர்த்துபவன் வெல்வான் என விதியை மாற்றிக்கொண்டு, கை, ஸ்மித் என்னும் இருவர் 1956இல் அதனை ஆராய்ந்தனர். அவ்விளையாட்டின் விடைகள் 34 எண்களுக்கு ஒருமுறை மீளும் ஒழுங்குடையவை எனக் கண்டனர். விளையாட்டாய்ப் பிறந்தது மெய்யறிவாய் வளர்ந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மிறைக்கவியும் உதவி முற்றுகையும்

இத்தகைய உழைப்பால் யாது பயன் என்னும் வினா டோசன் காலத்தும் எழுந்தது. எதிர்ப்பில்லாத சதுரங்கம் சதுரங்கமே அன்று என்றனர் பழமை போற்றியோர். இவ்வினா தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. ஆசு, மதுரம், வித்தாரம் என்பவற்றோடு சித்திரத்தையும் வைத்து நால்வகைக் கவியென எண்ணியது நம் மரபு. தண்டியலங்காரம் சொல்லணியியலில் கோமூத்திரி, சுழிகுளம், மாலைமாற்று, நாகபந்தம் முதலியவற்றுக்கு இலக்கணம் வகுத்தது. ஆயினும் அவற்றை மிறைக்கவி எனக் கூறி, வெறும் சொல் வித்தையென இகழ்ந்தோரும் பலர்.

அவர்கள் ஒன்றை மறந்தனர். கோணமாமலையைப் பாடிய திருஞானசம்பந்தரே, முதலிலிருந்து படிப்பினும் இறுதியிலிருந்து படிப்பினும் ஒன்றாயமையும் மாலைமாற்றுப் பதிகத்தையும் அருளினார். அவ்விரு பதிகங்களும் மூன்றாம் திருமுறையிலேயே உள்ளன. உள்ளத்து உருக்கமும் கட்டுப்பாட்டின் கடுமையும் ஒருவர்பால் ஒருங்கே விளங்க இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. அணை உயர்ந்தாலன்றோ குளத்தில் நீர் நிலைக்கும்! விதி இறுக இறுக, அதனுள் இயங்கும் அறிவு கூர்மை அடைகின்றது. டோசன் தம் வாழ்நாள் முழுதும் செய்தது இதுவே.

முடிவும் நிலைபேறும்

டோசன் 1951ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் காலமானார். சிட்ரோவிட்ஸ் என்பாருடன் இணைந்து அவர் பதிப்பித்த இறப்பர்த் தொழில் வரலாறு 1952இல் வெளிவந்தது. அவர் வளர்த்த மாயச் சதுரங்க இதழை நண்பர்கள் 1958 வரை நடத்தினர்.

அவர் கண் மூடியபோது உதவி முற்றுகை இன்னும் மாயச் சதுரங்கத்தின் ஒரு கிளையாகவே கருதப்பட்டது. பின்னர் நிலை மாறியது. உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் புதிர்த் தொகை நூல்கள் அதற்குத் தனிப்பிரிவு வகுத்தன. 1977இல் தொடங்கிய உலகப் புதிர் விடுப்போர் போட்டியிலும் அதற்கென ஒரு சுற்று உண்டு. ஒருகாலத்தில் வேடிக்கையென ஒதுக்கப்பட்டது இன்று மாணவர் பயிலும் துறையாகிவிட்டது.

நம் பள்ளிகளில் சதுரங்கம் பயிலும் சிறார் இன்று பலர். வெல்வதற்கு அவர்களைப் பழக்குகின்றோம், அது நன்றே. அதனோடு, வாரம் ஒருமுறையேனும் ஓர் உதவி முற்றுகையை இரு மாணவர் முன் வைத்து, எதிரெதிர் அமர்ந்த நிலையிலேயே ஒருமித்து விடை காணச் செய்தல் ஆசிரியர்க்கு அரிதன்று. எதிரே இருப்பவனின் இடர்களையும் தன் இடர்களாக எண்ணிப் பார்த்தாலன்றி அவ்விடை கிட்டாது. அப்பயிற்சி சதுரங்கத்துக்கு மட்டும் உரியதாய் நின்றுவிடாது.