இன்டரப்டுக்குப் பயந்தவர்: எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

டைக்ஸ்ட்ரான்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது ஒண்ணுதான். டேட்டா ஸ்ட்ரக்சர் பேப்பர், ஒரு கிராஃப், அஞ்சாறு நோட், ஷார்ட்டஸ்ட் பாத் கண்டுபிடி. டேபிள் ஒழுங்கா போட்டா முழு மார்க். ஆனா அதே மனுஷன் செஞ்ச இன்னொரு வேலை, நீங்க இந்தப் பக்கத்தை ஸ்க்ரோல் பண்ணும்போது இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு. அதுதான் இன்டரப்ட். அதை அவர் கண்டுபிடிக்கலை. சொல்லப்போனா, முதல்ல அதைப் பார்த்து பயந்துபோனார். அந்தப் பயத்திலிருந்துதான் இந்தக் கதை ஆரம்பிக்குது.

1930 மே 11 அன்று நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் பிறந்தார். (நம்ம பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது அடுத்த வருஷம்.) அப்பா வேதியியல்காரர், அம்மா கணிதம் படித்தவர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் தியரெட்டிகல் பிசிக்ஸ் சேர்ந்தார். 1951-ல் கேம்பிரிட்ஜில் நடந்த மூணு வார ப்ரோக்ராமிங் கோர்ஸுக்குப் போய்ட்டு வந்தார். 1952-ல் ஆம்ஸ்டர்டாமில் இருந்த கணித மையத்தில் ப்ரோக்ராமர் வேலை. 1957-ல் கல்யாணம். பதிவுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ப்ரோக்ராமர்னு எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாதுன்னு அதிகாரிகள் மறுத்துட்டாங்க. கடைசியில் தியரெட்டிகல் பிசிசிஸ்ட்னு எழுதித்தான் கல்யாணம் நடந்தது.

அதே 1957-ல்தான் பிரச்சினை வந்தது. பிராம் லூப்ஸ்ட்ரா, காரெல் ஸ்கோல்டன் என்ற இரண்டு நண்பர்கள் எக்ஸ்1 என்ற கம்ப்யூட்டரை வடிவமைச்சுக்கிட்டிருந்தாங்க. அதுக்கு அடிப்படை ப்ரோக்ராம் எழுதுவது டைக்ஸ்ட்ரா பொறுப்பு. பாதி டிசைன்ல இருக்கும்போது இரண்டு பேரும் வந்து இன்டரப்ட் வைக்கலாமான்னு கேட்டாங்க.

இன்டரப்ட் என்னன்னு வீட்டு உதாரணத்துல பார்ப்போம். அடுப்புல குக்கர் இருக்கு, நீங்க செமஸ்டருக்குப் படிக்கிறீங்க. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்துபோய் குக்கரைப் பார்த்தா அது போலிங். படிப்பும் ஓடாது, காலும் வலிக்கும். அதுக்குப் பதிலா நிம்மதியா படிங்க. விசில் வந்ததும் பக்கத்துல அடையாளம் வச்சுட்டுப் போய் அடுப்பை அணைச்சுட்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி படிங்க. இதுதான் இன்டரப்ட். அந்தக் காலத்து டைப்ரைட்டரும் பேப்பர் டேப்பும் ப்ராசஸரோட ஒப்பிட்டா ஆமை வேகம். அதுங்களுக்காக மெஷின் சும்மா காத்திருக்கறது பெரிய நஷ்டம். ஆக, நல்ல யோசனைதானே?

டைக்ஸ்ட்ரா கலங்கிப்போனார். அவர் அதுவரைக்கும் பழகின மெஷின்கள்ல ஒரே ப்ரோக்ராம், ஒரே இன்புட் கொடுத்தா, அச்சு மாறாம ஒரே மாதிரி ஓடும். தப்பு வந்தா திரும்ப ஓட்டினா அதே தப்பு அதே இடத்துல வரும், பிடிச்சுடலாம். இன்டரப்ட் வந்தா? விசில் எந்த வரியில வரும்னு யாருக்கும் தெரியாது. லட்சம் தடவை சரியா ஓடி, ஏதோ ஒரு தடவை ரெண்டு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு நடுவுல தப்பான நேரத்துல வந்து கெடுத்துட்டா, அதை மறுபடி வரவழைக்கவே முடியாது. தப்பு தன்னுடைய ப்ரோக்ராம்லயா, நண்பர்களோட சர்க்யூட்லயான்னு எப்படிச் சொல்வது?

மூணு மாசம் முடிவெடுக்காம இழுத்தார். நண்பர்கள் ரெண்டு பேரும் அவரைப் புகழ்ந்து பேசியே சம்மதிக்க வச்சாங்க. சம்மதிச்ச பிறகு அவர் நேரா கோடிங்குக்குப் போகலை. எந்த இடத்துல நிறுத்தினாலும் மெஷினோட நிலையை முழுசா சேமிச்சு, அப்படியே திருப்பி வைக்க முடியுமா? எல்லாச் சூழ்நிலையிலும் முடியும்னு முதல்ல பேப்பர்ல நிரூபிச்சார். டெஸ்ட் பண்ணிப் பிடிக்க முடியாத தப்பை, வரவே முடியாதுன்னு காட்டுவதுதான் ஒரே வழின்னு அவருக்குப் புரிஞ்சது அங்கேதான். அந்த வேலைதான் 1959-ல் அவருடைய பிஎச்.டி ஆய்வேடு ஆச்சு. நாம மார்க் வாங்குற ஷார்ட்டஸ்ட் பாத் கட்டுரை வெளிவந்ததும் அதே வருஷம்தான்.

1962-ல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே சின்ன குழுவோட எக்ஸ்8 மெஷினுக்கு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் கட்டினார். அடுக்கு அடுக்கா அமைப்பு. அடித்தளத்து அடுக்குலயே இன்டரப்டை அடக்கிவச்சாச்சு. மேல இருக்கற ப்ரோக்ராமுக்கு விசில் சத்தமே கேட்காது. இதுக்காகவே செமஃபோரை உருவாக்கினார். பேர் ரயில்வே கைகாட்டியிலிருந்து வந்தது. ஒரே தண்டவாளத்துல ஒரு நேரத்துல ஒரு ரயில்தான், கைகாட்டி இறங்குற வரைக்கும் அடுத்தது காத்திருக்கணும். 1968-ல் இந்த சிஸ்டத்தைப் பற்றிய கட்டுரை வந்தது.

அதுக்கும் முன்னாடி, 1965-ல், நம்ம காலத்துக்கு நேரா வந்து சேரும் ஒரு கேள்வியை எடுத்திருந்தார். ஒரு கம்ப்யூட்டர் இல்லை, பல கம்ப்யூட்டர்கள் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொண்டா என்ன ஆகும்? ரெண்டு பேருக்கான வழியை டெக்கர் என்ற டச்சுக் கணிதவியலாளர் கண்டிருந்தார். எத்தனை பேர் இருந்தாலும் ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ளே போக முடியும்கிற வழியை டைக்ஸ்ட்ரா கொடுத்தார்.

இது ஏன் முக்கியம்? ஒத்தை ப்ராசஸர்ல முக்கியமான வேலை நடக்கும்போது இன்டரப்டைக் கொஞ்ச நேரம் அணைச்சு வச்சா போதும், யாரும் குறுக்கே வரமாட்டாங்க. இன்னைக்கு உங்க லேப்டாப்ல எட்டு கோர். ஒரு கோர்ல இன்டரப்டை அணைச்சா மத்த ஏழும் கேட்காது. அங்கே லாக் வேணும்.

இன்னொரு கேள்வியும் வருது: விசில் வந்தா யார் போறது? நம்ம வீடுகள்ல அஞ்சு பேர் இருந்தாலும் குக்கர், காலிங் பெல், பால்காரர் எல்லாத்துக்கும் அம்மாதான் எழுந்து போவாங்க. கம்ப்யூட்டர்லயும் எல்லா இன்டரப்டையும் முதல் கோருக்கே அனுப்பினா அது மட்டும் திணறும், மத்தது வேடிக்கை பார்க்கும். சரி, முறை வச்சு மாத்தி மாத்தி அனுப்பலாமா? ஏற்கனவே சமையலறையில இருக்கறவரை விட்டுட்டு மாடியிலிருந்து ஒருத்தரைக் கூப்பிட்ட கதை ஆகும். தேவையான டேட்டா வேற கோரோட கேஷ்ல இருக்கும். அதனால எந்த டிவைஸோட இன்டரப்ட் எந்தக் கோருக்குன்னு பார்த்துப் பிரிக்கணும். இன்டெல் மெஷின்கள்ல இதுக்குத்தான் ஒவ்வொரு கோருக்கும் ஒரு ஏபிக் இருக்கு. நம்ம ரயில் பாதையிலேயே கிண்டியில இறங்கினா பக்கத்துல இருக்கற ஐ.ஐ.டி-யில் உருவான சக்தி ப்ராசஸர், ரிஸ்க்-வி வகை. ரிஸ்க்-வியிலும் இந்தப் பிரிச்சு அனுப்புற வேலைக்குன்னே தனி கன்ட்ரோலர் வகுத்திருக்காங்க.

1972-ல் டைக்ஸ்ட்ராவுக்கு டூரிங் விருது கிடைத்தது. 1984-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் பேராசிரியர் ஆனார். பவுண்டன் பேனாவால் அழகான கையெழுத்தில் 1300-க்கும் மேல் குறிப்புகள் எழுதி, நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். சொந்தமா கம்ப்யூட்டர் வாங்கியதே ரொம்பப் பின்னாடிதான். அதையும் மெயில் பார்க்கவும் வெப் பார்க்கவும்தான் பயன்படுத்தினார். 2002 ஆகஸ்ட் 6 அன்று நெதர்லாந்தில், நூனன் ஊரில் புற்றுநோயால் இறந்தார்.

லினக்ஸ் வச்சிருக்கறவங்க இன்னைக்கு ராத்திரி ப்ராக் ஃபோல்டருக்குள்ள இன்டரப்ட்ஸ் என்ற ஃபைலைத் திறந்து பாருங்க. ஒவ்வொரு கோருக்கும் ஒரு நெடுவரிசை, வந்த விசில் எல்லாம் எண்ணிக்கையா இருக்கும். ஓ.எஸ் லேப்ல நம்ம த்ரெட் ப்ரோக்ராம் பத்து தடவை ஓடி பதினோராவது தடவை தொங்கிச்சுன்னா, திரும்ப ரன் பண்ணு மச்சி, சரியாயிடும்னு சொல்லி ரெக்கார்ட்ல கையெழுத்து வாங்கிட்டுப் போவோம். அவர் மூணு மாசம் தவிச்சது அந்தப் பதினோராவது தடவைக்காகத்தான்.