புத்தாண்டை நன்றித் திருநாளாக்கிய பாதிரியார்

அமெரிக்காவின் எப்பிஸ்கோப்பல் திருச்சபை ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 13ஆம் நாள் அப்சலோம் ஜோன்ஸை நினைவுகூர்கிறது. அச்சபையின் முதல் கறுப்பினப் பாதிரியார் அவர், பிறப்பால் அடிமை.

டெலாவேரில் 1746இல் பிறந்தவர். கையில் கிடைத்த சில்லறைக் காசைச் சேர்த்துப் புத்தகம் வாங்கி, எழுத்துக் கற்றார். அவருக்கு 16 வயதானபோது தாயும் உடன்பிறந்தவர்களும் விற்கப்பட்டனர். அவரை மட்டும் முதலாளி பிலடெல்பியாவுக்கு அழைத்துச் சென்றார்.

தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். எனவே இரவிலும் உழைத்து, கடனும் நன்கொடையும் திரட்டி, முதலில் மனைவி மேரியை விலை கொடுத்து மீட்டார். அவருக்கு விடுதலை 1784இல்தான் கிடைத்தது.

அந்நகரத் தேவாலயம் ஒன்றில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தவரை, அது கறுப்பினத்தவருக்கான இடமல்ல என்று பிடித்து இழுத்து எழுப்பினர். அவருடன் கறுப்பின மக்கள் மொத்தமாக வெளியேறினர். 1793இல் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, அதே நகர மக்களுக்கு அவர்கள் பணிவிடை செய்தனர். இறந்தவர்களை அடக்கம் செய்தனர்.

1794இல் அவர்களுக்கென்று புனித தோமா ஆலயம் எழுந்தது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதற்கான தடை 1808 ஜனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அன்று ஆலயத்தில் பிரசங்கம் செய்த ஜோன்ஸ், ஆண்டுதோறும் அந்நாளை நன்றி கூறும் நாளாக அனுசரிக்கும்படியும், பட்ட பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார்.

1818இல் அவர் மறைந்தார். நாடு முழுவதும் அடிமைமுறை ஒழிய மேலும் 47 ஆண்டுகள் ஆயின.