பூச்சி தின்னும் செடியை வளர்த்த பேரறிஞர் சார்லஸ் டார்வின்



குனோங் ஜெராய் மலைக்குப் போய் வந்தவர்கள் அங்கே ஒரு விந்தையான கொடியைப் பார்த்திருப்பீர்கள். இலை நுனியில், நம் பால் மங்கு போல, ஒரு குடுவை தொங்கும். அதற்கு மூடியும் உண்டு. மலாய்க்காரர்கள் அதைப் பெரியோக் கெரா, அதாவது குரங்கின் பானை என்பார்கள். உள்ளே எட்டிப் பாருங்கள், எறும்பும் பூச்சியும் செத்து மிதக்கும். செடியாவது, பூச்சியைத் தின்பதாவது என்று சிரிக்கிறீர்களா? ஒரு காலத்தில் படித்த மேதைகளே இதை நம்ப மறுத்தார்கள். அவர்களுக்கு மெய்ப்பித்துக் காட்டிய ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் சார்லஸ் டார்வின் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். பள்ளிப் பாடத்தில் அவர் மனம் ஒட்டவில்லை. பூச்சி, கிளிஞ்சல், கல் என்று எதையாவது பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருப்பார். இந்தப் பிள்ளை குடும்பப் பெயரையே கெடுத்துவிடும் போலிருக்கிறதே என்று மருத்துவரான தந்தை மனம் நொந்தார். மருத்துவம் படிக்க அனுப்பினார். மயக்க மருந்தில்லாத அந்தக் காலத்து அறுவைச் சிகிச்சையைப் பார்க்கச் சகியாமல் பையன் வெளியே ஓடிவிட்டார்! பாதிரியாராக்கலாம் என்று பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. 1831-இல் பீகிள் என்ற கப்பலில் ஏறி, 1836-இல் உலகைச் சுற்றி வந்த பிறகே அவர் அருமை வெளியே தெரிந்தது. உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி 1859-இல் அவர் எழுதிய நூல் உலகையே உலுக்கியது.

அடுத்த ஆண்டு கோடையில் அவர் ஓய்வுக்காக ஒரு கிராமத்தில் தங்கியிருந்தார். அங்கே சதுப்பு நிலத்தில் ஒரு சிறு செடி கண்ணில் பட்டது. நம் நாட்டு வைத்தியர்கள் அழுகண்ணி என்பார்களே, அந்த இனம். இலை முழுவதும் சிவந்த மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் பனித்துளி போல ஒரு பசைத்துளி. பன்னிரண்டு செடிகளைப் பறித்து எண்ணினார். விரிந்த 56 இலைகளில் 31-இல் பூச்சிகள் ஒட்டிச் செத்துக் கிடந்தன.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். டார்வின் விடவில்லை. செடிகளை வீட்டில் வைத்து வளர்த்தார். இறைச்சித் துணுக்கு, முட்டை வெள்ளை, பால், கண்ணாடித் தூள் என்று ஒவ்வொன்றாக இலையில் வைத்துப் பார்த்தார். மழைத்துளி விழுந்தால் மயிர் அசையவில்லை. ஆனால் ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத முடித்துண்டு பட்டால் வளைந்தது! இறைச்சியை வைத்தால் நம் வயிற்றைப் போலவே நீர் சுரந்து செரித்தது.

ஏன் இப்படி? சதுப்பு மண்ணில் தழைச்சத்து மிகக் குறைவு. நாம் ரப்பர் மரத்துக்கு உரம் போடுகிறோம். இந்தச் செடியோ தன் உரத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது.

அவர் நண்பர் ஜோசப் ஹூக்கர் நம் பெரியோக் கெரா இனத்தை ஆராய்ந்து, அதுவும் இறைச்சியைச் செரிப்பதை 1874-இல் அறிவித்தார். டார்வினின் நூல் 1875-இல்தான் வந்தது. பாருங்க, நோயாளி உடம்போடு பதினைந்து ஆண்டு பொறுமை! நூலுக்குப் படம் வரைய மகன்கள் ஜார்ஜும் பிரான்சிசும் உதவினார்கள்.

அப்போதும் சிலர் விடவில்லை. பூச்சியைத் தின்பதால் செடிக்கு என்ன லாபம் என்று கேட்டார்கள். அதற்கு விடை தந்தவர் மகன் பிரான்சிஸ். தட்டுகளில் செடி வளர்த்து, நடுவே தடுப்பு வைத்து, ஒரு பாதிக்கு மட்டும் இறைச்சி ஊட்டினார். ஊட்டிய செடிகளில் இரண்டு மடங்குக்கும் மேலாக விதை விளைந்தது. 1878-இல் அதை வெளியிட்டார். தந்தை கண்குளிரக் கண்டார். 1882 ஏப்ரல் 19-இல் டார்வின் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே, நீங்களும் இச்செடியை வளர்க்கலாம். ஆனால் மலையிலிருந்து பிடுங்கி வராதீர்கள். செடி விற்கும் இடத்தில் ஒரு கன்று வாங்குங்கள். மழைநீர் ஊற்றுங்கள், உரம் மட்டும் போடாதீர்கள்.

பெற்றோர்களே, தன் தந்தை கவலைப்பட்ட பிள்ளைதான் டார்வின். ஆனால் அவர் தந்தையானபோது தம் பிள்ளைகளைத் தம் வேலையில் கூட்டாளிகளாக்கிக்கொண்டார். இன்று பரிசு வாங்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். பரிசு வாங்காமல், வேலியோரம் பூச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையையும் திட்டாதீங்க. பக்கத்தில் போய், என்னடா பார்க்கிறாய் என்று அன்போடு கேளுங்கள்.